காரை மண்ணுல ஒரு பைப்லைன் போட்டா?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்கள் நீக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



திருச்சி–சென்னை ஹைவேல போறவங்க பெரம்பலூரை பெரும்பாலும் ஒரு டீ பிரேக்காத்தான் பார்த்திருப்பீங்க. பாடாலூர் பக்கம் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பி உள்ள போனா காரைன்னு ஒரு ஊர் வரும். ஊரைத் தாண்டினதும் வயலும் மரமும் திடீர்னு காணாமப் போயிடும். சாம்பலும் மஞ்சளுமா களிமண் மேடுகள். மழை அறுத்து அறுத்து உண்டான ஓடைகள். வெயில்ல அங்கங்க கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும். கிட்டப் போய்ப் பார்த்தா ஜிப்சம். தரையில துப்பாக்கிக் குண்டு மாதிரி கூரா, உருண்டையா சில கல் கிடக்கும். அதுக்குப் பேர் பெலம்னைட். கணவாய் மீனோட தூரத்துச் சொந்தம் ஒண்ணு, அதோட உடம்புக்குள்ள இருந்த கெட்டிப் பகுதி.

அதாவது நீங்க நிக்கிறது ஒரு கடலோட தரை. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்த கடல்.

போன மழைக்கு அப்புறம், காலேஜ்ல என்கூடப் படிச்ச சிவில்காரன் ஒருத்தனோட அங்க போயிருந்தேன். அவன் இப்ப மண் பரிசோதனை வேலையில இருக்கான். நான் ஃபோட்டோ எடுத்துக்கிட்டு இருக்கேன், அவன் குனிஞ்சு மண்ணை எடுத்து விரல்ல நசுக்கிப் பார்த்துட்டுக் கேட்டான்: "மச்சான், இது மேல ஒரு பைப்லைன் போட்டா நிக்குமாடா?"

"கடல் இங்கருந்து நூறு கிலோமீட்டர்டா"ன்னேன்.

"இப்ப நூறு கிலோமீட்டர். அப்ப இதுதான் தரை. தரை எப்படின்னு கேட்கிறேன்."

இந்த எபிசோடு அந்த ஒரு கேள்விதான். கடலுக்கு அடியில எண்ணெயும் வாயுவும் கொண்டு வர்ற குழாய்கள் ஒரே இடத்துல இருக்கிறதும், நகர்றதும், உடையுறதும் எவ்வளவு தூரம் கீழ இருக்கிற மண்ணைப் பொறுத்த விஷயம்?

முதல்ல நம்ம ஊரைக் கொஞ்சம் பார்த்துடுவோம். பெரம்பலூரும் அரியலூரும் காவிரிப் படுகையோட மேற்கு விளிம்பு. ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-லேயே இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்னு மூணு தொகுதியாப் பிரிச்சு எழுதிட்டார். சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாப் போன மரம் ஒண்ணு படுத்திருக்கு. 1940-ல புவியியல் ஆய்வுத் துறையோட எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடிச்சது. கரையில இருந்து அடிச்சிக்கிட்டு வந்து கடல் சேத்துல புதைஞ்ச மரம் அது. 2020-ல குன்னம் பக்கம் ஒரு ஏரியில உருண்டை உருண்டையா ஏதோ கிடைச்சு, டைனோசர் முட்டைன்னு வாட்ஸப் முழுக்க ஓடிச்சு, ஞாபகம் இருக்கா? வல்லுநர்கள் போய்ப் பார்த்து, அம்மோனைட்டைச் சுத்தி மண் இறுகின உருண்டைன்னு சொல்லிட்டாங்க. அதுவும் கடல் பிராணிதான்.

இந்த அடுக்குகள் எல்லாம் கிழக்கே சாய்ஞ்சு, டெல்டாவோட வண்டலுக்கு அடியில ஆழமா இறங்கி, கடலுக்குள்ள போகுது. நம்ம காலுக்கு மேல வெளிய தெரியுற படுகையோட ஆழமான பக்கத்துலதான் நரிமணம் எண்ணெய்க் கிணறுகள் இருக்கு. கரைக்கு எதிரே கடல்ல பி.ஒய்-1 வாயு வயல் இருக்கு. அங்கிருந்து திருக்கடையூர் பக்கத்துல இருக்கிற பிள்ளைபெருமாள்நல்லூர் வரைக்கும் 56 கிலோமீட்டர் கடலடிக் குழாய், 2009-ல வாயு வர ஆரம்பிச்சது. பழைய கடல்தரையில இருந்து எடுக்கிறதை இன்னைக்கு இருக்கிற கடல்தரை மேல வச்சுக் கொண்டு வர்றோம்.

சரி, இப்ப குழாய்க்கு வருவோம். முதல் ஆச்சரியம்: இரும்புக் குழாய் மிதக்கும்.

நானும் நம்பல. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 அங்குலக் குழாய், அரை அங்குலத் தடிமன்னு வச்சுக்கங்க. ஒரு மீட்டர் நீளத்துக்கு இரும்போட எடை சுமார் 155 கிலோ. அதே ஒரு மீட்டர் விலக்குற கடல் தண்ணியோட எடை சுமார் 208 கிலோ. உள்ள வாயுதான் இருக்கு, அதுக்குப் பெரிய எடை கிடையாது. ஆக, அப்படியே இறக்கினா மேல வந்து நிக்கும். அதனால குழாயைச் சுத்தி கான்கிரீட் சட்டை போடுறாங்க. இரும்புத்தாது கலந்த கனமான கான்கிரீட், 5 சென்டிமீட்டர் போட்டா மொத்தம் ஒரு மீட்டருக்கு 420 கிலோ வரும். தண்ணி மேல தள்ளுறது கிட்டத்தட்ட 300. மிச்சம் 120 கிலோ. கடல்தரையை அமுக்கிக்கிட்டு உட்கார்றது இந்த 120 கிலோதான். (அரியலூரைச் சுத்தி இத்தனை சிமெண்ட் ஆலை இருக்கிறதே பழைய கடலோட சிப்பிச் சுண்ணாம்புக்காகத்தான். கடல்ல இருந்து வந்த சிமெண்ட் திரும்பக் கடலுக்கே போறது எனக்கு ஒரு தமாஷாப் பட்டது.)

அந்த 120 கிலோவை அலையும் நீரோட்டமும் பக்கவாட்டுல தள்ளும்போது என்ன ஆகும்? இங்கதான் மண் உள்ள வருது. நார்வேயோட டி.என்.வி. அமைப்பு போட்டிருக்கிற வடிவமைப்பு விதியில உராய்வு எண் மணலுக்கு 0.6, களிக்கு 0.2. அதாவது ஒரே குழாய், ஒரே எடை: மணல் மேல 72 கிலோ வரைக்கும் தள்ளினாலும் நகராது, களி மேல 24 கிலோவுக்கே நகர்ந்துடும்.

அப்ப களி மோசம், மணல் நல்லதுன்னு எழுதிக்கிட்டீங்களா? நானும் அப்படித்தான் எழுதிக்கிட்டேன். அழிக்க வேண்டியதாப் போச்சு.

களி வழுக்கும், ஆனா உள்ள வாங்கிக்கும். புதுக் கடல்சேறு கேழ்வரகுக் களியை விட இளசா இருக்கும். குழாய் அதுல கொஞ்சம் அமுங்கும். அமுங்கின உடனே ரெண்டு பக்கமும் ஒரு வரப்பு மாதிரி மண் நிக்கும். இனி பக்கவாட்டுல போகணும்னா அந்த வரப்பைத் தள்ளிக்கிட்டுப் போகணும். அதுக்கும் மேல நேரம்னு ஒண்ணு இருக்கு. குழாய் உட்காரும்போது கலங்கின சேறு பலம் இழந்து கிடக்கும். மாசக்கணக்குல அதுக்குள்ள மாட்டின தண்ணி மெல்லக் கசிஞ்சு வெளியேற, தயிர் உறையுற மாதிரி இறுகும். போட்ட அன்னைக்கு இருந்த பிடிப்பு வேற, ஆறு மாசம் கழிச்சு இருக்கிற பிடிப்பு வேற. திரும்ப யாராவது ஆட்டிவிட்டா, உறைஞ்ச தயிரைக் கலக்கின கதைதான்.

காரை களியும் ஒரு காலத்துல அப்படி இளசா இருந்ததுதான். மேல வந்து விழுந்த அடுக்குகள் கோடிக்கணக்கான வருஷம் அமுக்கி வச்சதாலதான் இப்ப நம்மளைத் தாங்குது. கடலுக்கு அடியில அந்த மாதிரி வயசான மண் மேல குழாய் உட்கார்றது அபூர்வம். நேத்து வந்த வண்டல் மேலதான் உட்காரும்.

இப்ப மணல். நாகப்பட்டினமோ மெரினாவோ, அலை வந்து திரும்பிப் போகும்போது கரையில நின்னிருக்கீங்கல்ல? குதிகாலுக்குக் கீழ மணல் அரிச்சுக்கிட்டுப் போகும், கால் தானா உள்ள இறங்கும். குழாய்க்கும் அதேதான் நடக்குது. தண்ணி குழாயில மோதி, அதைத் தாண்டிப் போற இடத்துல வேகம் எடுத்து, அடியில இருக்கிற மணலை அரிக்கும். சில இடத்துல இது நல்லது. குழாய் மெல்ல இறங்கித் தன்னைத்தானே புதைச்சுக்கும். சில இடத்துல அடியில மணல் போய், குழாய் ரெண்டு மேட்டுக்கு நடுவுல பாலம் மாதிரி அந்தரத்துல தொங்கும். அந்த இடைவெளியில நீரோட்டம் போகும்போது குழாய் வீணைத் தந்தி மாதிரி அதிர ஆரம்பிக்கும். அதிர்வு வருஷக்கணக்குல தொடர்ந்தா வெல்டிங் இணைப்பு களைச்சுப் போய் விரிசல் விடும். இழுவை மடி போடுற படகு அந்த வழியா வந்தா, வலையோட பலகை அந்தப் பாலத்துக்கு அடியில மாட்டும். அப்ப குழாய்க்கும் ஆபத்து, படகுல இருக்கிறவங்க உயிருக்கும் ஆபத்து.

இதை விட விநோதம் இன்னொண்ணு. பொடி மணல், வண்டல் மணல் இருக்கிற இடத்துல புயல் அலை மேல அடிக்க அடிக்க, மணலுக்கு நடுவுல இருக்கிற தண்ணியோட அழுத்தம் ஏறிக்கிட்டே போகும். ஒரு கட்டத்துல மணல் ஒண்ணை ஒண்ணு தாங்குறதை விட்டுடும். மொத்த மண்ணும் கெட்டியான குழம்பு மாதிரி ஆயிடும். அந்தக் குழம்போட கனம் தண்ணியை விட கிட்டத்தட்ட 1.9 மடங்கு. நம்ம கான்கிரீட் சட்டை போட்ட குழாயோட கனம் 1.45 மடங்கு. புரியுதா? தண்ணியில மூழ்குற குழாய், திரவமான மண்ணுல மிதக்கும். புதைச்சு வச்ச குழாய் தானா மேல எழும்பி வந்துடும். முதல் தடவை இதைப் படிச்சப்ப நான் லேப்டாப்பை மூடிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆண்ட்ரூ பாமர்னு கடலடிக் குழாய் துறையில பெரிய பேர். 1996-ல அவர் ஒரு கட்டுரையில கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. புயல்ல குழாய் நகருமான்னு எல்லாரும் கணக்குப் போடுறோம். கணக்குல தரை மட்டும் அசையாம இருக்கு. குழாயையே நகர்த்துற அளவுக்கு அலை வந்தா, அதுக்கு ரொம்ப முன்னாடியே மணல் கிளம்பிப் போயிருக்காதா? நம்ம பாஷையில சொன்னா, கான்ஸ்டன்ட்னு டிக்ளேர் பண்ணி வச்சது உண்மையில வேரியபிள். பின்னாடி மேற்கு ஆஸ்திரேலியா பல்கலைக்கழகத்துல ஓ-ட்யூப்னு ஒரு பெரிய வளையத் தொட்டி கட்டி, தண்ணி, மண், குழாய் மூணையும் ஒண்ணா வச்சுப் புயலை உண்டாக்கிப் பார்த்தாங்க. தரை முதல்ல நகர்றதைக் கண்ணாலயே பார்த்தாங்க.

இதுக்கு லேப் எல்லாம் வேண்டாம், வேதாரண்யம் மக்களைக் கேட்டாலே போதும். 2018 நவம்பர் 16, கஜா புயல். அதுக்கப்புறம் கரையில கடல் சேறு அடிச்சுக்கிட்டு வந்து ஒதுங்கிக் கிடந்தது, படகைத் தள்ள முடியாத அளவுக்கு. அந்தச் சேறு எங்கயோ ஒரு இடத்துல தரையா இருந்ததுதானே?

சிப்பி மணலைப் பத்தி ஒரு வார்த்தை. அரியலூர் கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லைப் பார்த்தா முழுக்கச் சிப்பி. அது கல்லா இறுகாம மணலாவே இருந்தா? ஆஸ்திரேலியாவோட வடமேற்குக் கடல்ல அப்படித்தான் இருக்கு. 1982-ல நார்த் ராங்கின் மேடைக்கு இரும்புத் தூண் இறக்கினாங்க. அடிச்சு இறக்க வேண்டிய தூண், வெண்ணெயில கத்தி போற மாதிரி வழுக்கிக்கிட்டே இறங்கிடுச்சு. சிப்பித் துண்டுகள் உள்ளுக்குள்ள பொள்ளலா இருக்கும், அமுக்கினா நொறுங்கும், தூணைப் பிடிக்காது. கைப்பிடி அளவு எடுத்துப் பார்த்தா அதுவும் மணல்தான். மணல்னு ஒரே பேர் வச்சதுதான் தப்பு.

இதுவரைக்கும் அலை, புயல்னு வெளிய இருந்து வர்றதைப் பேசினோம். எனக்கு அதிகமா உறைச்சது வேற ஒண்ணு: குழாய் தன்னோட சூட்டாலயே நகரும்.

எண்ணெய் கெட்டியா இருந்தா சூடாக்கித்தான் பம்ப் பண்ணுவாங்க. இரும்பு சூடானா நீளும். 60 டிகிரி ஏறினா ஒரு கிலோமீட்டர் குழாய் 72 சென்டிமீட்டர் நீளணும். ரெண்டு பக்கமும் மண் பிடிச்சிருக்கிறதால நீள முடியாது. அந்த அழுத்தம் உள்ளுக்குள்ளேயே சேரும். நீளமான ஸ்கேலை ரெண்டு முனையிலயும் அமுக்கினா நடுவுல சட்டுன்னு வளையும்ல, அதே மாதிரி எங்க மண் பலவீனமோ அங்க குழாய் பக்கவாட்டுல வளையும். பம்பை நிறுத்தினா சுருங்கும். மறுபடி ஓடினா மறுபடி வளையும். ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இருக்கிற சேத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளித் தனக்கு இடம் பண்ணிக்கும்.

2000 ஜனவரி 18. பிரேசில், ரியோ நகரத்துக்குப் பக்கத்துல குவானபாரா விரிகுடா. பெட்ரோபிராஸ் நிறுவனத்தோட குழாய், சுத்திகரிப்பு ஆலையில இருந்து விரிகுடாவுக்குள்ள இருக்கிற ஒரு தீவு முனையத்துக்குச் சூடான எரி எண்ணெய் கொண்டு போறது. அடியில ரொம்ப இளகின சேறு. அந்தச் சேத்தால பக்கவாட்டுல பிடிச்சு வைக்க முடியல. குழாய் வளைஞ்சு, ஒரு இடத்துல மடிஞ்சு, கிழிஞ்சது. 13 லட்சம் லிட்டர் எண்ணெய் விரிகுடாவுல கலந்தது. அலையாத்திக் காடு, நண்டு, மீன், அதை நம்பின குடும்பங்கள் எல்லாமே அடி வாங்கினாங்க. புயல் இல்ல, நிலநடுக்கம் இல்ல. அடைச்சு வச்ச சூடும் கையில நிக்காத சேறும்தான்.

இன்னைக்கு டிசைன் பண்றவங்க இதை வேற மாதிரி கையாளுறாங்க. வளையாதேன்னு குழாயோட சண்டை போடுறதில்ல. எங்க வளையணும்னு முன்னாடியே இடம் குறிச்சு, பாம்பு நெளிவு மாதிரியே போட்டுடுவாங்க. குறிச்ச இடத்துல மெல்ல வளைஞ்சா ஆபத்து இல்ல. ஆனா அதுக்கும் அந்த இடத்து மண் எவ்வளவு பிடிக்கும்னு தெரிஞ்சிருக்கணும். குறைவாப் பிடிச்சாலும் சிக்கல், அதிகமாப் பிடிச்சாலும் சிக்கல். வீடு கட்டும்போது மண்ணைக் கொஞ்சம் பலவீனம்னு வச்சுக் கணக்குப் போட்டா பாதுகாப்பு. இங்க அந்தச் சௌகரியம் கிடையாது.

டெல்டா மண்ணுக்குன்னு ஒரு குணமும் உண்டு. ஆறு கொண்டு வந்து கொட்டின சேறு சரிவுல அவசரமா அடுக்கி நிக்கும். 2004 செப்டம்பர்ல ஐவன் சூறாவளி அப்படி மிசிசிப்பி ஆத்து முகத்துக்கு வெளிய சேத்துச் சரிவை உண்டாக்கி, டெய்லர் எனர்ஜியோட எண்ணெய் மேடையையே சாய்ச்சுடுச்சு. அங்க எண்ணெய்க் கசிவு பத்து வருஷத்துக்கும் மேல நீடிச்சது.

இப்ப நம்ம கரைக்கு வர்றேன்.

2023 மார்ச் 2 ராத்திரி. நாகூர் பட்டினச்சேரி. நரிமணம் ஆலையில இருந்து நாகப்பட்டினம் துறைமுகம் பக்கம் போற சி.பி.சி.எல். நிறுவனத்தோட கச்சா எண்ணெய்க் குழாய், கரையோரமாக் கடலுக்குள்ள போற இடத்துல கசிஞ்சது. தண்ணி மேல கறுப்பு எண்ணெய், கரையில நாத்தம். மீனவர்கள் கடலுக்குப் போகாம போராடினாங்க. அடைப்பு போட்டாப் போதாது, குழாயையே எடுங்கன்னு கேட்டாங்க. கடைசியில குழாயை எடுக்கிறதாத்தான் முடிவாச்சு. இந்தக் கசிவைச் சேறு மேலயோ மணல் மேலயோ பழி போட நான் இங்க கொண்டு வரல. அந்த ஊர்க்காரங்க கேட்டது எனக்கு முக்கியமாப் பட்டது. கரையோரம்ங்கிறது அலை உடையுற இடம், மணல் தினமும் வர்றதும் போறதுமா இருக்கிற இடம். ஒரு குழாய்க்கு அதை விடக் கஷ்டமான முகவரி கிடையாது. அந்த முகவரியிலதான் பட்டினச்சேரியும் இருக்கு.

என் சிவில் நண்பன் சொன்ன ஒரு விஷயம் இதோட ஒட்டிக்கிச்சு. குழாய் போற பாதை முழுக்க மண்ணைத் தோண்டிப் பார்க்க முடியாது. சில இடத்துல மட்டும் சின்னக் குழலை இறக்கி மாதிரி எடுப்பாங்க. நடுவுல இருக்கிறதை சோனார் படத்தை வச்சு ஊகிக்கணும். "காரையில அம்பது மீட்டர் நடந்தா எத்தனை தடவை மண் மாறுதுன்னு பார்த்தியா? அதை ரெண்டு குழியை வச்சு எழுதச் சொன்னா நான் என்னடா எழுதுறது?"ன்னான்.

அந்த நடுவுல இருக்கிறது யாருக்குத் தெரியும்? தினமும் அங்க நங்கூரம் போடுறவங்களுக்குத் தெரியும். எங்க சேறு, எங்க மணல், எங்க பார், எந்தப் புயலுக்கு அப்புறம் எந்த இடம் மாறிச்சுன்னு வலையில ஒட்டிக்கிட்டு வர்றதை வச்சே சொல்லுவாங்க. கருத்துக் கேட்புக் கூட்டம்னா அவங்களைக் கூப்பிட்டு ஆட்சேபணை இருக்கான்னு கேட்கிறதோட முடிச்சுக்கிறோம். தரையைப் பத்தி ஒரு கேள்வியாவது கேட்கலாம். அவங்க சொல்றதை வச்சே டிசைன் பண்ணச் சொல்லல. அடுத்த மண் மாதிரியை எந்த இடத்துல எடுக்கணும்னு முடிவு பண்ண அது போதும். ஒரு சாஃப்ட்வேர்காரனா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், ப்ரொடக்‌ஷன்ல தினமும் உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட லாக் கேட்காம பக் தேடுற டீம் உருப்பட்டதில்ல.

நண்பனோட முதல் கேள்விக்கு நான் அன்னைக்கு "நிக்கும்டா"ன்னு சொல்லிட்டேன். "எத்தனை டிகிரி எண்ணெய்? எத்தனை வருஷம்? எந்தப் புயல்?"னு வரிசையாக் கேட்டான். எதுக்கும் பதில் இல்ல. கார்ல ஏறும்போது ரெண்டு பேர் ஷூவிலயும் ஒரு கிலோ களி. அவன் அதைச் சுரண்டி, ஒரு கவர்ல போட்டு, தேதியும் இடமும் எழுதி வச்சுக்கிட்டான்.

காரை போறவங்க காலையிலயே போயிடுங்க, நிழலே கிடையாது. மழை பெஞ்ச மறுநாள் வேண்டாம், மாட்டிக்குவீங்க. கல்லு, பெலம்னைட்டு எதையும் எடுத்துட்டு வராதீங்க. பார்க்கணும்னா அரியலூர் பக்கத்துல வாரணவாசியில அருங்காட்சியகம் இருக்கு. உங்க ஊர்க் கரையில கடல்தரை மாறினதைப் பார்த்தவங்க வீட்டுல யாராவது இருந்தா, அவங்க குரலை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதைத்தான் போடப்போறேன்.